வேர்வைத் தண்ணீரில் ஊறிய அரிசி

கண்ணுகளா, குக்கரை ஏன் பரணில் தூக்கி வைத்தோம், வாரத்தில் இரண்டு நாள் ஏன் ராகி என்று நீங்கள் கேட்டு மாசக்கணக்கு ஆகிறது. "உங்கப்பனையே கேளுங்க" என்று அம்மா சொல்லிவிடுகிறாள். நான் பத்தாவதோடு நின்றவன். வாயால் சொன்னால் பாதியில் வேறு எங்கேயோ போய்விடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. நல்ல சட்டையை வெட்டிய நாள்

அருள்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள துணி டெஸ்டிங் லேபில் நான் சேர்ந்த அன்று, கையில் ஒரு புதுக் குழந்தைச் சட்டையைக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், நெஞ்சில் வாத்து பிரிண்ட். கூடவே ஒரு கத்திரி. அதற்கு முன் எட்டு வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவன் நான். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பீஸை ஒதுக்கிப் பழகிய கை. ஒரு குறையும் இல்லாத சட்டையைத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னதும் கை வரவில்லை.

லேப் மேனேஜர் தேன்மொழி மேடம் கெமிஸ்ட்ரி படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் வந்து நின்று, "வெட்டுங்க செல்வராஜ். இதப் போட்டுக்கற குழந்தைக்கு வேர்க்கும், கழுத்துப் பட்டியச் சப்பும். சாயத்துல ஏதாச்சும் இருந்தா அதுக்கு முன்னாடி நமக்குத் தெரியணுமில்லீங்களா" என்றார். வெட்டினேன்.

வெட்டிய துணியை எடை போட்டு, மூடி போட்ட பாட்டிலில் போட்டு, அதன் மேல் வேர்வைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பும் இன்னும் இரண்டு மூன்று மருந்தும் சேர்த்து, மனுசன் வேர்வை மாதிரியே கலக்கி வைத்த தண்ணீர் அது. பிறகு ஷேக்கர் என்ற மெஷினில் உடம்புச் சூட்டிலேயே ஒரு மணி நேரம் குலுங்க வேண்டும். அதை வடிகட்டி பெரிய மெஷினுக்குக் கொடுத்தால் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று சொல்லும். ஆர்சனிக் என்றால் பாஷாணம். மெஷின் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் ரிசல்ட் கட்டத்தில் 'என்.டி.' என்று வரும். கண்டறியப்படவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்காரர்கள் போன் போட்டால் முதல் கேள்வியே "என்.டி. தானுங்களே?" என்பதுதான். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கே நான் பெரிய டாக்டர் மாதிரி இருக்கும்.

அந்த நினைப்பில்தான் பிறகு வழுக்கி விழுந்தேன்.

2. சுபல் கேட்டது

சுபலை உங்களுக்குத் தெரியும், நம் லைன் வீட்டில் அடுத்த வாசல். வங்காளத்தில் கங்கைக் கரைப் பக்கத்துக்காரன். குழந்தைத் துணி தைக்கிற யூனிட்டில் அயர்னிங். தமிழை இங்கே வந்துதான் கற்றான், அதனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க'. அவன் தெருநாயைக் கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவான் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அவன் மனைவி மாலதிக்குத் தமிழ் அவ்வளவு வராது. அவர்களுடைய கைக்குழந்தை தியாவைத்தான் நீங்கள் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

தியாவுக்கு ஆறு மாசம் முடிந்ததும் முதல் சோறு ஊட்டுகிற விசேஷம் வைத்தார்கள். அவர்கள் பக்கத்தில் பாலில் அரிசியை வேகவைத்து இனிப்புப் போட்டு ஊட்டுவார்களாம். அதற்காக சுபலின் அப்பா தம் சொந்த வயலில் விளைந்த அரிசி பத்து கிலோவை, லீவு முடிந்து திருப்பூருக்கு ரயிலேறிய ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். மாலதி அந்த மூட்டையைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே வைத்திருந்தாள். விசேஷத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் சுபல் போனை நீட்டிப் படம் ஒன்றைக் காட்டினான். ஒரு பெரியவரின் இரண்டு உள்ளங்கை. தோல் தடித்து, அரிசிக் குருணையை ஒட்டி வைத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. அவன் அப்பாவின் கை. வருசக்கணக்காகக் குடித்த தண்ணீரில் ஆர்சனிக் இருந்ததால் வந்தது என்று அவர்கள் ஊர் டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே பூமிக்கு அடியிலேயே அது இருக்கிறதாம். வாசலில் இருந்த அடிபம்புக்கு, குடிக்கக் கூடாது என்று சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெயில் காலத்து நெல்லுக்கு மோட்டார் வைத்து அதே நிலத்தடித் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள்.

"கொழாய்க்கு செவப்பு பெயிண்ட் அடிச்சாங்க அண்ணா. வயலுக்கு யாருங்க அடிப்பாங்க?" என்றான்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். எங்கள் யூனிட் குழந்தைச் சட்டையில் ஆர்சனிக் இருக்கிறதா என்று நீங்கள்தானே பார்க்கிறீர்கள், இந்த அரிசியையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. இதற்கென்ன தம்பி, நாளைக்கே பார்த்துவிடுகிறேன் என்று நான் மார் தட்டினேன்.

3. ஒரு குறையும் வைக்காத டெஸ்ட்

மறுநாள் ஷேக்கரில் ஒரு இடம் காலியாக இருந்தது. மூட்டை மூலையில் சின்ன ஓட்டை போட்டு சுபல் எடுத்துக் கொடுத்த ஒரு பிடி அரிசியிலிருந்து சரியாக எடை போட்டேன். பாட்டிலில் போட்டேன். வேர்வைத் தண்ணீர் ஊற்றினேன். உடம்புச் சூடு, ஒரு மணி நேரம், வடிகட்டல், எதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. மெஷின் பார்க்கிறவரிடம் மற்ற சாம்பிளோடு இதையும் ஓட்டச் சொன்னேன். ஆர்சனிக் கட்டத்தில் என்.டி. வந்தது.

சுபலிடம் போய், "ஒண்ணுமே இல்லீங்க தம்பி. தைரியமாச் சாப்புடுங்க" என்று சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்கே மாலதி மூட்டையைப் பிரித்துவிட்டாள். அதுவரை சமைக்காமல் இருந்த ஊர் அரிசியைத் தினமும் வடிக்க ஆரம்பித்தாள். விசேஷத்துக்கு ஒத்திகை மாதிரி பால் பாயசம் வைத்து நமக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். நீங்கள் இரண்டு பேரும் கிண்ணத்தை வழித்து நக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயப்படாதீர்கள், ஒரு கிண்ணத்தில் ஒன்றும் ஆகாது. தினமும், வருசக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் ஆபத்து. சின்ன உடம்புக்கு அது இன்னும் கெடுதல்.

4. தேன்மொழி மேடம் கேட்ட கேள்வி

பத்து நாள் கழித்து ரேக்கைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பாட்டில் மேடம் கையில் அகப்பட்டது. லேபிளில் 'அரிசி' என்று என் எழுத்து.

"என்னங்க செல்வராஜ் இது? அரிசிக்குச் சட்ட தெச்சீங்களா?"

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மேடம் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"எதுல ஊற வெச்சீங்க?"

"வேர்வத் தண்ணிலதாங்க மேடம்."

"சட்டைய மேல போட்டுக்கறோம். வேர்வையில என்ன கரைஞ்சு வருதுன்னு பாத்தாப் போதும். சோத்த மேல போட்டுக்கறமாங்க? அது முழுசா வயித்துக்குள்ள போகுது. அரிசிக்குள்ள இருக்கறது அத்தனையும் கணக்குங்க. நீங்க அரிசியோட தோலத் தொடச்சுப் பாத்துட்டு உள்ள ஒண்ணுமில்லேன்னு சொல்லியிருக்கீங்க."

அதற்குள் அவர்கள் வீட்டில் அந்த அரிசியைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னேன். குழந்தைக்கு ஊட்டியாச்சா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் ஊட்டப் போகிறார்கள் என்றேன். அன்று வியாழன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. ஓனரிடம் கேட்டுக்கொண்டு, மத்தியானமே மிச்ச அரிசியை எடுத்துப் பொடித்து, ஆசிட்டில் போட்டு முழுதாகக் கரைத்தார். ஒரு பருக்கைகூட மிச்சமில்லாமல் தண்ணீராக்கி மெஷினுக்குக் கொடுத்தார். ஒத்துப் பார்ப்பதற்கு நம் வீட்டு அரிசியையும் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லி அதையும் கரைத்தார்.

இரண்டிலும் ஆர்சனிக் இருந்தது. நாம் கடையில் வாங்குகிற அரிசியில் கொஞ்சூண்டு, எந்த அரிசியிலும் இருக்கிற அளவுதான் என்றார். நெல் தண்ணீரில் நின்று வளர்கிற பயிர், மற்றத் தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். சுபலின் அரிசியில் அதைப்போலப் பல மடங்கு.

"நாம துணி பாக்கற லேபு. இதுக்கு ரிப்போர்ட் குடுக்க முடியாதுங்க. உணவு பாக்கற லேபுக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கச் சொல்லுங்க. ஆனா அதுவரைக்கும் அந்தக் குழந்தை வாய்ல இது போகக்கூடாது" என்றார்.

5. திரும்பப் போய்ச் சொன்னது

அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு நேராக நம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? விசயத்தைக் கேட்ட உங்கள் அம்மா தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை.

"இங்க வந்து ஏனுங்க உக்காந்திருக்கீங்க? அந்த ஊட்ல இப்ப சோறு ஆக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

போனேன். மாலதி நிஜமாகவே அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுபலிடம் முதலில் தப்பைச் சொன்னேன், பிறகுதான் காரணத்தைச் சொன்னேன். சட்டைக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டேன், அது அரிசிக்குப் பார்க்கிற முறை இல்லை, என் பேச்சை நம்பி நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று.

அவன் தியாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "கொழந்தைக்கு இன்னும் குடுக்கலீங்களே அண்ணா. ஷிப்மென்ட் போறதுக்கு முன்னாடி ரீசெக் பண்ணிச் சொல்லிட்டீங்க. போதுங்க" என்றான். அவன் அதை எனக்காகச் சொன்னான் என்று எனக்குத் தெரியும்.

அவன் வங்காளத்தில் எல்லாவற்றையும் சொல்ல, மாலதி அரிசியில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கு அதிகம் போகாது என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு சுபலிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன என்றேன்.

"அப்பா தெனமும் இதத்தான சாப்புடறாருன்னு கேக்கறாங்க."

அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறேன் என்றேன். மறுநாள் மேடத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனேன். நல்ல தண்ணீரில்தான் சமைக்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்ட வேண்டும். அதிலேயே ஓரளவு போய்விடும், முழுதும் போகாது. குக்கரில் வைத்தால் எல்லாம் உள்ளேயே நிற்கும். மூன்று வேளையும் சோறு என்று இல்லாமல் ரொட்டி, பருப்பு என்று மாற்றிச் சாப்பிட வேண்டும். கையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், இந்தப் பாஷாணம் தோலோடு நிற்காது, நுரையீரல், மூத்திரப்பை வரை புற்று வைக்கும். சுபல் அதைப் போனில் அவன் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இத்தனை வருசம் தின்றாச்சு, இனிமேல் என்னடா என்றாராம். அப்போது மாலதி போனை வாங்கிப் பேசினாள். என்ன பேசினாள் என்று சுபல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், இன்னும் மாத்திரையும் மருந்துமாகத்தான் இருக்கிறார்.

6. ஞாயிற்றுக்கிழமை

விசேஷம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். காலையில் கதவைத் திறந்தால் அடுத்த வாசலில் ஆரம்பித்து நம் படி வரைக்கும் வெள்ளைக் கோலம். நெல் கதிர், மீன், நடுநடுவே குட்டிக் குட்டிப் பாதம். மாலதி அந்த ஊர் அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் தோய்த்து விரலாலேயே வரைந்திருந்தாள். விசேஷ நாளில் அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் போடுவார்களாம். மாமனார் அனுப்பியதைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை, குழந்தை வாயில் வைக்கவும் முடியாது.

கோலத்தை எப்படித் தாண்டுவது என்று காலைத் தூக்கியபடி நின்றேன். வியாழக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், தியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மெதிக்கலாங்க அண்ணா" என்றாள். "திங்கத்தான் கூடாது."

மிதித்துக்கொண்டு உள்ளே போனேன். நம் வீட்டு அரிசியை ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து, கஞ்சி வடித்து, பாலில் மசித்து முதல் வாய் ஊட்டினார்கள். இரண்டாவது வாய் உங்கள் அம்மா காய்ச்சிக் கொண்டுபோன ராகிக் கூழ். தியா சோற்றைத் துப்பிவிட்டுக் கூழைச் சப்புக் கொட்டியதில், உங்கள் அம்மாவுக்கு இன்றுவரை பெருமை தாங்கவில்லை.

குக்கர் பரணுக்குப் போனது அன்றைக்குத்தான். வெளியூர் அரிசி எல்லாம் விஷம், நம் அரிசி எல்லாம் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோறு சாப்பிடப் பயப்படவும் வேண்டாம். வடித்துச் சாப்பிடுங்கள், ராகியும் கம்பும் மாற்றிச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் கைக்கு வந்தால் நான் முதலில் ரிசல்ட்டைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் எந்த முறையில் பார்த்தார்கள் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே இருங்கள் சாமி. ஒண்ணுமில்லை என்று யார் சொன்னாலும், உங்கள் அப்பனே சொன்னாலும், எப்படிப் பாத்தீங்க என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.