சருகோடு சருகாய் ஒரு பக்கி

பீங்கான் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் பார்ப்பது என் வேலை. விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று முதலாளியே சொல்வார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். மற்ற நாட்களில் தெருவையே சுற்றி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேப்பூர் பஸ்ஸில் ஏறி, காப்புக்காட்டருகே இறங்கி நடப்பேன். டிஜிட்டல் கேமரா வந்துவிட்டதாக ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். என்னிடம் இருந்தது தம்பி விட்டுப்போன ஃபிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "என்னங்க, ஆளே இல்ல, எல்லாம் தரையாவே இருக்குது?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வாங்கி வந்தேன்.

காட்டோரம் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கமாகியிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அடுத்த ஞாயிறு அவளிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் கடைசிப் படத்தில் நின்றாள். சருகுமேல் உதிர்ந்து கிடந்த ஆவாரம்பூவை எடுத்திருந்தேன்.

"இதுல பக்கி உக்காந்துருக்குதே. நீங்க பாக்கலியாக்கா?"

"எங்க?"

"பூவுக்கு இந்தாண்ட. கண்ண மூடிக்கினு இருக்குது பாருங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் சருகுதான் இருந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்கச் சருகுக்குள்ளிருந்து ஒரு அலகு, மூடிய இமை, கோடு கோடாக இறக்கை என்று பறவை துலங்கி வந்தது. இரண்டு கை தூரத்தில் குனிந்து நின்று படம் எடுத்தும் அது என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த நொடியே சந்தோஷமாகவும் இருந்தது. இதுவரை நடந்த வழியில் இன்னும் என்னென்ன இருந்திருக்கும்.

ஆடு மேய்க்கையில் அவள் முன்பே பார்த்து வைத்திருந்த அந்த இடத்துக்குக் கூட்டிப் போனாள். "கிட்ட போவாதீங்க. முட்ட மேல இருக்குது. எழுந்துட்டா வெய்யில்ல காஞ்சிடும்."

தள்ளியே நின்றோம். கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அன்று ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறும் பறவை அங்கேயே இருந்தது. மூன்றாவது ஞாயிறு இடம் காலியாகக் கிடந்தது. நாய் தின்றிருக்குமோ என்று அவளிடம் கேட்டேன்.

"நாயி வரலக்கா. நானே இந்தப் பக்கம் ஆட்ட வுடாம பாத்துக்கினு இருந்தேன். குஞ்சு பொரிச்சி நவுந்துருக்கும், தேடுங்க" என்றாள்.

அவளுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். காரைச் செடியின் நிழலில், செம்மண் நிறத்தில் இரண்டு பஞ்சு உருண்டைகள். ஒன்று மூச்சு விட்டது தெரிந்தது.

"தோ பாருங்க" என்றேன் மெதுவாக.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கேமராவை எடுக்க வேண்டுமென்றுகூட எனக்குத் தோன்றவில்லை.