மருந்தாக வந்த மருமகள்

சுதந்திரம் வந்து மகாராஜா ஆட்சி முடிந்த மூன்றாம் வருசம் அமராவதியை நார்த்தாமலைக்குப் பக்கத்தில் காடுகரை உள்ள ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பிச்சைமுத்து அமைதியான பையன், அதிர்ந்துகூடப் பேச மாட்டான் என்றார்கள். அதில் பொய்யில்லை. முதல் மாதம் அவன் பேசவே இல்லை. அடுத்த மாதம் பாயை விட்டு எழவும் இல்லை.

மாமியார் அழகம்மாளிடம் போய்க் கேட்டாள். "அவனுக்கு ரெண்டு வருசமாவே இப்படித்தான் ஆத்தா. ஒரு கால்கட்டுப் போட்டா சரியாப் போயிடும்னுதான் ஒன்னைக் கொண்டாந்தோம்" என்றாள் அவள், கடலை உரித்துக்கொண்டே, கூச்ச நாச்சம் இல்லாமல்.

கோடாங்கி வந்து உடுக்கை அடித்தாயிற்று. வேப்பிலையால் அவனையும் அடித்தாயிற்று. எதுவும் கேட்காமல் போகவே, கடைசியாக ஒரு பெண்ணைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு மருந்து கசக்கும் என்பார்கள். மருந்துக்கு எப்படி இருக்கும் என்று எவன் கேட்டான்?

அமராவதிக்குக் கோபமென்றால் அப்படியொரு கோபம். முதலில் அது புருசன் மேல்தான் பாய்ந்தது. ஊர் அவனைச் சோம்பேறி என்றது, அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சோம்பேறி என்றால் சோற்றையாவது ருசித்துத் தின்ன வேண்டும், மத்தியானம் குறட்டையாவது விட வேண்டும். இவனோ கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணை மூடிக் கிடந்தானே தவிர உறங்கவில்லை. ஒருநாள் காலையில் கட்டுத்தறியில் மாடு தண்ணீருக்குக் கத்துகிறது, இவன் அசையாமல் கிடக்கிறான். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"மாடு கத்துறது காதுல விழுகலையா?"

"விழுகுது" என்றான். "எந்திரிக்கணும்னும் தெரியுது. கையும் காலும் வேற யாருதோ மாதிரி கெடக்கு, அமராவதி. அடிச்சா எந்திரிச்சிருவேன்னா அடி."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அன்றோடு அவள் கோபம் ஆள் மாறியது.

"தைரியமா இரு, நாலு எடத்துக்குப் போயிட்டு வா" என்று அவனுக்குப் புத்தி சொல்ல வந்தவர்களை வாசலிலேயே மடக்கினாள். "காலொடிஞ்சவன்கிட்ட ஓடிப் பழகுன்னு சொல்லுவீங்களா?" என்றாள். வாயாடி என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தாள்.

அவனிடம் பெரிய வேலை எதுவும் கேட்க மாட்டாள். "இன்னைக்கு வெளியில வந்து உக்காந்தாப் போதும்" என்பாள். உட்கார்ந்தானென்றால் மறுநாள், "மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க." முடியாத நாளில் விட்டுவிடுவாள். விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் விறகைப் பிளந்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வாள். அவன் தனியாகக் கிணற்றுப் பக்கம் நடந்தால், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். சில மாதம் அந்த நோவு தானாக விலகும். ஏர் பிடிப்பான், கேலி பேசுவான், தெருப் பிள்ளைகளை விரட்டி விளையாடுவான். பிறகு திரும்பவும் வரும். வந்தது போகும் என்பதை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றாள் அழகம்மாள். பெண் பிறந்தது. அந்த வருசமும் அவன் படுத்தான். "எல்லாம் ஒன் ராசி" என்றாள் மாமியார். பேத்தி நடை பழகிய வருசம், ஆடி மாதம், அடுத்த மருந்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"குடுமியான்மலைப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கு. ஆவணியில பரிசம். நீ பாட்டுக்கு இருந்துக்க, ஒன்னை யாரு போகச் சொன்னா?"

ஒருத்திக்கு மேல் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்ட காலம்தான். அது பட்டணத்தோடு நின்றுகொண்டது.

"நான் இருக்கிறது பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா அத்தை?"

அழகம்மாள் முறத்தைத் தட்டினாள். "மூத்த தாரம் தவறிப்போச்சுன்னு சொல்லியிருக்கு."

உலை கொதிக்கிறது, இடுப்பில் பிள்ளை, அவளுக்குக் கருமாதியே முடித்துவிட்டார்கள்!

மறுநாள் விடிந்ததும் புருசன் முன்னால் போய் நின்றாள். அவனுக்கு அப்போது எழுந்து நடமாட முடிகிற காலம்.

"இன்னொரு கல்யாணம் வேணுமா ஒங்களுக்கு?"

"என்கிட்ட யாரும் கேக்கல."

"அப்ப வாங்க, அங்கிட்டுப் போயிச் சொல்லிட்டு வருவோம்."

பிள்ளையை மாமியாரிடமே விட்டுவிட்டு, அன்னவாசல் வழியாக அவனை நடத்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவள் பொரிந்து தள்ளினாள், அவன் கேட்டுக்கொண்டே நடந்தான். விசாரித்து விசாரித்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பெண்ணின் தகப்பன் நாகராசு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீங்க?"

"இவருதான் நீங்க பாத்திருக்கிற மாப்பிள்ளை. நான் செத்துப்போன மூத்த தாரம்."

அவர் திரிப்பதை நிறுத்தினார். அமராவதி ஒன்றுவிடாமல் சொன்னாள். படுக்கையைச் சொன்னாள், தன்னை ஏமாற்றிக் கட்டியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கொதிப்பார் என்று பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டே போனது.

"எளவயசுப் பொண்ணு. விசாரிக்காமக்கூட ரெண்டாந்தாரமாத் தள்ளுறீங்களே, அப்படி என்னங்க அவசரம்?"

நாகராசு வீட்டுக்குள் கையைக் காட்டினார்.

உள்ளே அவர் மகள் செவந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சிக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் வைத்த கஞ்சி ஆடை கட்டிப்போயிருந்தது.

"பங்குனியிலேருந்து இப்படித்தாம்மா. பாக்காத வைத்தியமில்ல. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாப் போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க."

அமராவதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிச்சைமுத்துதான் உள்ளே போனான். சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமல் அவன் ஒரு காரியம் செய்து வெகுநாளாயிற்று.

"எந்திரிக்க முடியலையா ஆத்தா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். "ஏன் எந்திரிக்கலன்னுதான் எல்லாரும் கேட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அமராவதி நாகராசுவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் மறைச்சு, எங்க அத்தையும் மறைச்சு, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல படுக்கப் போட்டா, யாரு எந்திரிச்சு யாருக்குத் தண்ணி மோந்து குடுப்பாங்க?"