சோடாக்கடையில் மாறிய மஞ்சப்பை

போன வாரம் கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கட்டியிருக்கும் வணிக வளாகத்துக்குப் போனேன். வாசலில் நின்ற காவலாளி, “பைய டோக்கன் போட்டு வச்சிட்டுப் போங்கம்மா” என்றார். வாங்கி, பிளாஸ்டிக் பட்டியால் அதன் வாயை இறுக்கிக் கட்டி, பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் கொடுத்தார். பைக்குள் இருந்தது ஒரு குடையும் ரெண்டு கொய்யாப்பழமும். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓவியம். கோலி சோடா பாட்டில், சைக்கிள், புளிக்கூடை தூக்கிய பொம்பளை. ‘நம்ம தெருவின் உயிரோட்டம்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அடப்பாவிகளா, அந்தத் தெருவை இடிச்சுத்தானே இதைக் கட்டினீங்க என்று வாய்வரை வந்தது. இந்த வயதில் சண்டை போட்டால் பிரஷர் ஏறுகிறது, விட்டுவிட்டேன்.

ஓவியத்து சோடா பாட்டில் இருந்த இடத்தில்தான் கன்னியம்மா அக்காவின் நிஜ சோடாக்கடை இருந்தது. சோடா என்பது பேருக்குத்தான். பை பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கடையின் முழுநேர வேலை. சந்தை நாளில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்கள், கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர்கள், யாராக இருந்தாலும் “அக்கா, பை இருக்கட்டும்” என்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டோக்கன் கிடையாது, பெயர் கேட்பது கிடையாது. அக்கா காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

ரொம்பத் தங்கமான தெரு என்று நினைத்துவிடாதீர்கள். நாலு கடை தள்ளி இருந்த டீக்கடையில் மலைக்காரர்களுக்கும் கருணாபுரம் காலனி ஆட்களான எங்களுக்கும் தனி கிளாஸ்தான். அக்கா கடையில் எல்லா வாய்க்கும் அதே பாட்டில்தான். வேண்டாமென்றால் நடையைக் கட்டு என்பாள்.

எண்பத்தேழில் நான் டைப்ரைட்டிங் முடித்திருந்தேன். உள்ளூரிலேயே ஒரு ஆபீசில் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. அசல் சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு அந்த வருஷம் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அத்தனை சர்ட்டிபிகேட்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் நகலில் கையெழுத்து வாங்கிய மகராசி நேராக வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? பையை அக்கா கடையில் வைத்துவிட்டு வளையல் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், உள்ளே டானிக் பாட்டில், மாத்திரை, ஒரு பொட்டலம் கருவாடு. ஊரில் பாதிப் பேர் கையில் ஒரே ஜவுளிக்கடை மஞ்சப்பைதான். என் பத்தாவது, சாதிச் சான்று, டைப்ரைட்டிங் எல்லாம் யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டன.

மறுநாள் விடியும்போது சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு வேறொரு சாதியார் நடத்திய போராட்டம். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கள் காலனியில் அடி விழுமோ என்று வெளியே போகவே பயந்தார்கள். இன்டர்வியூவுக்கு இன்னும் நாலு நாள்தான். நான் எதற்கும் பயப்படாமல் நேராக சோடாக்கடைக்குப் போய்த் தெருவே கூடும்படி கத்தினேன். “கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? எந்தத் திருடனுக்குத் தூக்கிக் குடுத்த?”

அக்கா அசரவில்லை. “எதுக்கு இப்ப கத்திக்கினு கெடக்குற? அவனுக்கும் அவன் பை வேணும்ல?” என்றாள்.

எதிரே மருந்துக்கடைக்காரர் டானிக் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். “இது மேல்மலை வெள்ளையன் வாங்கினது. பொண்ணு புள்ள பெத்துட்டு ரத்தம் இல்லாம கெடக்குதுன்னாரு.” உடனே சைக்கிள் கடைக்காரர், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்குப் பால் கேனோடு கிளம்பியவரை நிறுத்திச் சேதி சொல்லி அனுப்பினார். சாய்ந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போனார் அந்தப் பால்காரர். வெள்ளையன் யார், எந்த ஊர், பொண்ணுக்கு என்ன என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, திருடன் என்றுவிட்டேன்.

நாலாம் நாள் காலை ஒன்பதரை. பத்து மணிக்கு இன்டர்வியூ. நான் சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஆள், முட்டிவரை சேறு, துண்டில் சுற்றிய மஞ்சப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

“சேதி கெடைச்சுதா வெள்ளையா?” என்றாள் அக்கா.

“இன்னா சேதி? மருந்து இல்லாம பொண்ணு கெடக்குது, பஸ்ஸு வுடுவான்னு பாத்துப் பாத்து நடந்தே எறங்கிட்டேன், சேதி வர்ற வரைக்கும் நான் ஒக்காந்துகினு இருப்பனா? வூட்ல கெழங்கு பிடுங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், மறியல்னா வுட மாட்டாங்க” என்று அவளிடம் எரிந்து விழுந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “காயிதத்துல எல்லாம் சீலு குத்தியிருந்துச்சும்மா. எலி கடிச்சிரப்போவுதுன்னு அடுப்பு மேல பரண்ல வச்சிருந்தேன். எண்ணிக்க” என்றார்.

நான் எண்ணவில்லை. அவர் பையை அவர் கையில் திணித்துவிட்டு ஆபீசை நோக்கி ஓடினேன். திருடன் என்ற வாயால் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவரும் நிற்கவில்லையாம். அக்கா உடைத்துக் கொடுத்த சோடாவைப் பாதி குடித்துவிட்டு வந்த வழியே நடந்திருக்கிறார்.

ஆபீசில் அதிகாரி என் பத்தாவது சர்ட்டிபிகேட்டை மோந்து பார்த்து, “இன்னாம்மா, பொகை நாத்தம் அடிக்குது?” என்றார். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். எங்கள் வீட்டு அடுப்பு ரொம்பப் புகையும் என்றேன். வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் அப்பா கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்கப்புறம் சந்தைக்கு வந்தால் வெள்ளையன் என்னைப் பார்த்துச் சிரிப்பார். “பையப் பாத்து எடுத்துக்கினு போம்மா” என்பார். பெண் பிழைத்துவிட்டாள். பேரனைக்கூட ஒருமுறை கூட்டி வந்தார். தெருவை இடித்தபோது அக்கா கடை போனது. மருந்துக்கடையும் சைக்கிள் கடையும் அதோடு போயின. நன்றி சொல்ல வேண்டிய ஆள் எந்த வருஷத்தோடு வருவதை நிறுத்தினார் என்பதுகூட எனக்கு நினைவில்லை. யாரைக் கேட்பது? அதைத் தெரிந்து வைத்திருந்த தெருதான் இல்லையே.

கிளம்பும்போது பதினேழாம் நம்பரை நீட்டினேன். காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், நம்பரைப் பார்த்துப் பையை எடுத்துக் கொடுத்தார். கட்டு அப்படியே இருந்தது. குடை இருந்தது, ரெண்டு கொய்யாப்பழமும் இருந்தன. இனிமேல் இங்கே யார் பையும் மாறாது. யாரும் மலையிலிருந்து நடந்து வரவும் வேண்டியதில்லை.