நல்லண்ணனுக்கு முதல் பத்திரிகை: சேலம், நாமக்கல்லில் நான்கு நாள்

நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு அருங்காட்சியகம் பார்க்கும் பழக்கம் வந்தால் என்ன ஆகும் தெரியுமா? தரங்கம்பாடி, பூம்புகார், காரைக்கால் என்று கடலோரத்தில் இருப்பதையெல்லாம் மூன்று தடவை பார்த்து முடித்துவிடுவோம். பீரங்கி, பீங்கான் துண்டு, திமிங்கல எலும்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். கடல் இல்லாத ஊரில் என்னதான் வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று கடந்த ஐப்பசியில் சேலத்துக்குக் கிளம்பினேன். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன், தனி ஆள், யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை 8.40க்கு ஃபேர்லேண்ட்ஸில் நான் தங்கிய விடுதி வாசலுக்கு வாடகைக் கார் வந்தது. ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், ஓட்டுநர் படி உட்பட. ஓட்டுநர் தங்கவேலு, திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். டிக்கியைத் திறந்தால் பை வைக்க இடமில்லை. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் நிறைந்திருந்தன.

“பொண்ணுக்குக் கல்யாணமுங்க. இன்னும் பதிமூணு நாள்தான் இருக்குது.”

“பதிமூன்று நாளா? இன்னும் கொடுக்கவே ஆரம்பிக்கவில்லையா?”

“மொத பத்திரிகை வெக்காம மத்தவீளுக்குக் குடுக்க முடியாதுங்களே. சார், சேலத்து மியூசியத்தை வெள்ளிக்கெழமை வெச்சுக்கலாமுங்களா? இன்னிக்கு நாமக்கல் போயிறலாம்.”

எனக்கு எந்த நாளானாலும் ஒன்றுதான். தலையாட்டிவிட்டேன். அவர் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

நாமக்கல் 52 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஒரே பாறை, உச்சியில் கோட்டை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை, மேற்கே நரசிம்மர் குடைவரை. பாறையில் வெட்டிய படிகளில் பத்து மணிக்கு மேல் ஏறுபவர்கள் என்னைப் போன்ற முட்டாள்கள் மட்டும்தான். நரசிம்மர் குகைச் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எங்கள் கடலோரத்தில் மணலும் உப்புக்காற்றும் முகத்தைத் தின்ற சிலைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, இங்கே விரல் நகம் வரை தெரிந்தது பொறாமையாக இருந்தது.

திரும்பும் வழியில்தான் தங்கவேலு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் காட்டில் (அந்தப் பக்கம் காடு என்றால் புன்செய் நிலம்) ஒரு நடுகல் இருந்தது. ஆடு பிடிக்க வந்த புலியைக் குத்திவிட்டுத் தானும் செத்துப்போன முன்னோர் ஒருவருடைய கல். ரோடு அகலப்படுத்தியபோது அதிகாரிகள் எடுத்துப்போய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தங்கவேலு வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம் இது.

“என்ர கல்யாணத்துக்கு மொத பத்திரிகைய காட்டுலயே வெச்சாங்க. இப்ப அவரு சேலத்துல இருக்காரு. நாமதான போயி வெக்கோணும்? நல்ல நாளுன்னு வெள்ளிக்கெழமை பாத்து வெச்சிருக்கறனுங்க.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளி காலை 10.05. பூட்டிய கேட். சாமிக்கு நல்ல நாள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள். எங்கள் பக்கத்திலும் இதே விதிதான், பத்து வருடமாக எனக்குத் தெரிந்த விதி. வெட்கமாகப் போய்விட்டது. தங்கவேலு வெற்றிலைத் தட்டோடு கம்பி வழியே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே காக்கிச் சேலையில் ஒரு காவலாளி அம்மா.

“நாளைக்கு வாரேனுங்க அக்கா.”

“நாளைக்கு ரெண்டாஞ் சனிக்கெழம சாமி. அதுவும் லீவுதான். ஞாயித்துக்கெழம வாங்க.”

தங்கவேலு கணக்குப் போட்டார். ஞாயிறு வைத்தால் மிச்சம் பத்து நாள். நாலு தாலுகாவில் சொந்தம். நேரில் போய்க் கொடுக்காத பத்திரிகைக்கு அவர்கள் பக்கம் மதிப்பில்லை. “கேட்டுலயே வெச்சிட்டுப் போயிறலாமே” என்றேன். “ஊட்டுக்குள்ள அவரு இருக்கறப்ப வாசல்ல வெச்சிட்டுப் போறதுங்களா?” என்று திருப்பிக் கேட்டார். சனிக்கிழமை ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். அருங்காட்சியகத்துக்காகத்தான் என்று அவரிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை.

வெள்ளி மீதியைக் குமாரபாளையத்தில் கழித்தோம், சுமார் 55 கிலோமீட்டர். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பாலத்தைத் தாண்டினால் பவானி, கூடுதுறை. காவிரித் தண்ணீரை எங்கள் ஊருக்கு வந்து சேரும் முன்பே பார்ப்பது ஒரு தனி மரியாதை. சனிக்கிழமை மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை நடந்து, மலையேறாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறு 10 மணிக்கு உள்ளே போனோம். கட்டணம் சொற்பம், கேமராவுக்குத் தனி. வெண்கலச் சிலை, பழைய நாணயம், முதுமக்கள் தாழி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. தங்கவேலு நேராகப் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார். இடுப்பளவு கல், வாயைத் திறந்த புலி, அதன் வயிற்றில் ஈட்டி.

காவலாளி அம்மா பின்னாலேயே வந்தார். “சூடம் கூடாது. தேங்கா கூடாது. கல்லு மேல மஞ்சக் குங்குமம் கூடாது சாமி.”

“பத்திரிகை வெக்கலாமுங்களா?”

அவர் யோசித்தார். “அதுக்கு ரூல்ஸ் எதுவும் இல்ல. ஆனா அஞ்சு மணிக்கு எடுத்துருவேன். அதுக்குள்ள படிச்சிருவாரில்ல?”

“அவரு காலத்துல படிப்பு ஏதுங்க. வாயிலயே சொல்லிப்போடறேன்.”

சொன்னார். பெண் பேர், மாப்பிள்ளை ஊர், மண்டபம், முகூர்த்த நேரம், பஸ் எங்கே நிற்கும் என்பது வரை சொன்னார். கவரைக் கல்லின் காலடியில் வைத்தபோது மேலே எழுதியிருந்ததைப் படித்தேன்: உயர்திரு நல்லண்ணன், குடும்பத்துடன்.

எழுந்தவர் இன்னொரு கவரை எடுத்து, பேனாவோடு காவலாளி அம்மாவிடம் திரும்பினார். “ரெண்டாவது உங்களுக்குத்தானுங்க அக்கா. எங்க பெரியவரப் பாத்துக்கறது நீங்கதானுங்களே. பேரு சொல்லுங்க.”

அந்த அம்மா தன் பெயரை மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளி, இரண்டாம் சனி தவிர்த்து எந்த நாளும் போகலாம். நாமக்கல் பாறைக்குக் காலை எட்டுக்குள் ஏறிவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். சேலத்தில் பின்பக்கக் கொட்டகையை விட்டுவிடாதீர்கள். இடமிருந்து மூன்றாவது கல். பலகையில் ‘புலிகுத்திக் கல், வீரனின் பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கும். பெயர் நல்லண்ணன்.