என் மகனைத் தூக்காத நாத்தனார்

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அங்கிருந்து ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊர் நகரிக்கு வரும்போதெல்லாம் என் நாத்தனார், எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்தியின் மகளையே இடுப்பில் வைத்துக் கொஞ்சுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வந்தவள் வாசலிலேயே நின்றாள். ஓடிப்போய் என் மகனை நீட்டினேன். அவள் பின்வாங்கினாள்.

"அவ புள்ள வெல்லம், எம் புள்ள வேம்பா?" என்று வெடித்தேன்.

"ஐயோ, இல்ல அண்ணி! எம் பையனுக்குக் கக்குவான் இருமல் வந்துகீது. போன வாட்டி தெரியாம அந்தப் புள்ளயத் தூக்கிட்டேன். அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே ஓரகத்தியின் மகள் மூச்சுத் திணற இருமினாள். நல்லவேளை, பிறகு தேறிவிட்டாள். என் மகனுக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது எந்த உறவினர் வந்தாலும், "வீட்டில் யாருக்காவது இருமலா?" என்று கேட்ட பிறகே குழந்தையைத் தருகிறேன். நாத்தனாரையும் கேட்கிறேன். இருமல் இல்லையென்றால், அவள் முதலில் என் மகனைத்தான் தூக்க வேண்டும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.