எலிக்கு வாங்கிய முட்டை

எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் சனிக்கிழமை மட்டும்தான் சைவம். எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பாவுக்கு என்ன வந்ததோ, மாதம் முழுக்கக் கவிச்சி வாசலைத் தாண்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "பெரியவங்க விஷயம், போய்ப் படி" என்பார். அப்போது மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் குடியிருந்தோம்.

அந்த விரதத்தில் முதலில் மாட்டிக்கொண்டது கூண்டில் நான் வளர்த்த செல்ல எலி, என் ஹாம்ஸ்டர். செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, அந்த மாதத் தொடக்கத்தில்தான் கொண்டுவந்து கொடுத்தது. சூரியகாந்தி விதை, ஓட்ஸ், உடைத்த சோளம், காய்ந்த கேரட், ஊடே காய்ந்த புழுக்கள். இதுதான் அதன் தீனி. அப்பா பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"புரட்டாசியில புழுவா? ஐயையோ, வெளிய கொட்டு லா!"

அம்மாவுக்குக் கொட்ட மனம் வரவில்லை. தீனியை முறத்தில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் புழுக்களைப் பொறுக்கி எறிந்தார். மலாக்காவிலேயே சுத்த சைவ ஹாம்ஸ்டர் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அது சூரியகாந்தி விதையை மட்டும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மற்றதைச் சீந்தவில்லை. வயிறு மட்டும் பெருத்தது. சைவம் ஒத்துக்கொண்டது என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் வந்த மாமா அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"குண்டு இல்ல லா, புள்ளத்தாச்சி!"

பிறகு என்னை உட்காரவைத்து விளக்கினார். சூரியகாந்தி விதை முழுக்கக் கொழுப்பு, நாம் முறுக்குக் கொறிக்கிற மாதிரி. ஓட்சும் சோளமும் ஓடியாடத் தெம்பு தரும். குட்டிக்குச் சதை பிடிக்கப் புரதம் வேண்டும். அதற்குத்தான் அந்தப் புழு.

"அது பத்தலன்னா, போட்ட குட்டியவே தின்னாலும் தின்னுரும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "முட்டை குடுக்கலாமாடா?"

"அவிச்ச வெள்ளைக்கரு குடு. நகத்தளவு போதும்கா."

மறுநாளிலிருந்து அப்பா லாரி எடுக்கப் போனதும், அம்மா கொல்லைப்புற அடுப்பில் ரகசியமாக முட்டை அவித்தார். கூண்டுக்குள் போட என்னிடம் ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுப்பார். ஹாம்ஸ்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தின்பதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? குப்பைத் தொட்டியில் முட்டை ஓட்டை அப்பா பார்த்துவிட்டார்.

"யாருக்கு இது?"

நான்தான் முந்திக்கொண்டேன். "எலிக்குப்பா! புரதம் இல்லன்னா குட்டி பொழைக்காதாம்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தபடி, "கிளினிக்ல நர்சும் அதத்தாங்க சொன்னாங்க" என்றார். கிளினிக் நர்சுக்கு ஹாம்ஸ்டரைப் பற்றிக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று நான் வியந்துபோனேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். என் ஹாம்ஸ்டரை யாரிடமாவது தள்ளிவிட ஆள் பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். முந்தின வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அம்மாகூட அப்படித்தான் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

திரும்பி வந்த அப்பாவின் கையில் ஒரு பெரிய அட்டை நிறைய முட்டை.

"எலிக்கு" என்று அம்மாவிடம் நீட்டினார். "தெனம் ரெண்டு. மறக்காம."

பிறகு போய்க் குளித்துவிட்டு, சாமி மேடையில் விளக்கேற்றி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

ஹாம்ஸ்டர் குட்டி போட்டது. எல்லாமே பிழைத்துக்கொண்டன. புரட்டாசி முடிவதற்குள் அட்டையும் காலி. என் ஹாம்ஸ்டர் ஓர் அட்டை முட்டையைத் தின்று தீர்த்ததாகப் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

சித்திரையில் தம்பி பிறந்தான், கொழுகொழுவென்று. அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோதுகூட, நகத்தளவு போக மீதி முட்டையெல்லாம் எங்கே போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.