மாமியாருக்கு வைத்த கோழி சூப்

கோழி சூப் வைப்பது பெரிய வித்தை இல்லை. எலும்போடு கால் கிலோ கோழி, பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, துளி இஞ்சி, மிளகு, சீரகம். மசாலா சாமானைத் தட்டி, ஒரு தக்காளியும் மஞ்சள்தூளும் சேர்த்து, குக்கரில் தண்ணீர் ஊற்றி மூடினால் நாலு விசில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்கு ஓடுகிற நான் அந்த நாலு விசிலுக்குள் தலைவாரி, டிபன் பாக்ஸும் கட்டிவிடுவேன். அதை என் மாமியாரைக் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

நானும் என் கணவரும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு வீடும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் அவர்கள் ஊர்த்தெரு, நாங்கள் காலனி. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக, மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தால் கையில் தண்ணீர் பாட்டிலும் பன் பாக்கெட்டும் கூடவே வரும். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு, என் வீட்டு வாசப்படி ஏறினால் மட்டும் கெட்டுவிடும்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஜுரம் வந்தது. ஊரில் தனியாக இருக்கிறவர் என்பதால் என் கணவர் போய் அழைத்துவந்தார். வந்தும் மூன்று நாள் பன்னும் தண்ணீரும்தான். மாத்திரை போட்டால் வாந்தி. உடம்பில் தெம்பே இல்லை, சூப் கொடுங்கள், இல்லையென்றால் அட்மிட் பண்ண வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை நான் சூப்பை வடிகட்டி டம்ளரில் ஊற்ற, என் கணவர் எடுத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"நான் வெச்சதும்மா. ஜல்தியா குடி, ஆறிடப்போவுது."

மாமியார் குடித்தார். காலி டம்ளரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. சீரகம் எது, சோம்பு எது என்று தெரியாத மனுஷன் என் கணவர். இப்படியே மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள், "எம்புள்ள கைப்பக்குவமே தனி" என்று மாமியார் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. கழுவிக்கொண்டிருந்த குக்கரை நான் டங்கென்று வைத்ததில் கைப்பிடி ஆடிப்போய்விட்டது.

நாலாம் நாள் டம்ளரை நானே கொண்டுபோனேன். ஜுரம் விட்டிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இது நான் வெச்சதுங்க. மூணு நாளா நீங்க குடிச்சதும் நான் வெச்சதுதான்."

பக்கத்தில் என் கணவரும் நின்றிருந்தார். மாமியார் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும். அவனுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் குடிச்சிக்கினு இருந்தேன். நீ எதுக்கு இப்ப அத வாய்விட்டுச் சொன்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஆக, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் சூப் அவருக்கு ஒத்துக்கொள்ளும். சொன்னால்தான் சாதி வந்து நடுவில் உட்காரும். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போனால் போகட்டும், இவர் குடிக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வது என்று நின்றேன்.

ஆவி அடங்கி, மேலே கொழுப்பு படரும் வரை அவர் அசையவில்லை. அப்புறம் கையை நீட்டி எடுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, வாய் வாயாக, அடிவரை குடித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தைவிட அதில் ஒன்பது வருஷக் கோபம்தான் அதிகம்.

காலி டம்ளரை வாங்கக் கை நீட்டிய மகனைத் தாண்டி, என்னிடம் கொடுத்தார்.

"நாளைக்கும் நீயே எடுத்துக்கினு வா."